அரை மார்க் சார்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் அரை மார்க் சார். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயரைச் சொன்னால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மீதிப் பாதி அவரிடம் மார்க்கைப் பறிகொடுத்தவர்கள், அவர்களுக்குப் பெயரே வேண்டாம், இருமல் சத்தம் போதும்.

நானும் அவரும் ஒரே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்கள். போதாக்குறைக்குப் பக்கத்து வீடு வேறு. ஒரு மனிதரைப் பகலில் ஸ்டாஃப் ரூமிலும் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமும் சகிப்பது என்பது எல்லோருக்கும் வாய்க்கிற பாக்கியமில்லை.

பிளஸ் டூ இயற்பியலில் ஒரு கணக்குக்கு மார்க் போடும் முறை இருக்கிறது. சூத்திரத்துக்கு இத்தனை, எண்களைப் பிரதியிட்டதற்கு இத்தனை, விடைக்கு இத்தனை. விடைக்குப் பக்கத்தில் ஓம், மீட்டர், செகண்ட் என்று அலகு எழுதாமல் விட்டால் அரை மார்க் வெட்டு. நாங்கள் எல்லோரும் வெட்டுவோம். வெட்டும்போது, ஐயோ இந்தப் பிள்ளை இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட்டதே என்று கொஞ்சம் இருக்கும். இவருக்கு அப்படியில்லை. அலகில்லாத விடையைக் கண்டால் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும், வெயிலில் நடந்து வந்தவர் மோர் குடித்த மாதிரி.

வகுப்புக்குள் போனதும் கரும்பலகையில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போடுவார். தரவு, சூத்திரம், பிரதியிடல், விடை. உலகத்தில் நடக்கிற எல்லாமே இந்த நாலு கட்டத்துக்குள் வந்துதான் ஆகவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கேள்வித்தாளில் ஒரு மார்க் கேள்வியாக இருந்தாலும் சரி, தரவிலிருந்து ஆரம்பிக்காமல் எழுதினால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘எங்கிருந்து வந்தது?’ என்று எழுதிவிடுவார். விடை தப்பாக இருந்தால் அவருக்குக் கவலையே கிடையாது. ஸ்டெப் எல்லாம் வரிசையாக இருக்கிறதா, தாராளமாகக் கொடுத்துவிடுவார், ஒரு குறை வைக்க மாட்டார். சரியான விடை என்றால்தான் சந்தேகம்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு பையன் படித்தான். நல்ல துறுதுறுப்பு. கேள்வியை வாசித்து முடிக்கும் முன்னாலேயே விடையைச் சொல்லிவிடுவான். ஒரு நாள் இவர் அவனை எழுப்பி நிறுத்தினார்.

“விடை மட்டும் எழுதியிருக்கியே, ஸ்டெப்பு எங்க லே?”

“மனசுல போட்டேன் சார்.”

“மனசுல போட்டதுக்கு மனசுக்குள்ளயே மார்க்கும் போட்டுக்கோ. விடை மட்டும் தனியா வந்துச்சுன்னா அது பக்கத்து பெஞ்சுல இருந்துதான் வந்திருக்கும்.”

வகுப்பே சிரித்தது. அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த வாரமே பையன் காமர்ஸ் பிரிவுக்கு மாறிப் போய்விட்டான். ‘நல்ல ஒரு இன்ஜினியரைக் கெடுத்துட்டீங்களே சார்’ என்று நான் கேட்டதற்கு, ‘தரவு இல்லாமப் பேசாதீங்க டீச்சர்’ என்றார். காப்பி அடித்தான் என்று சொல்ல இவரிடம் என்ன தரவு இருந்தது என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தோடு இது நின்றிருந்தால் தேவலை. ஒரு தடவை ஸ்டாஃப் ரூமில் யாருக்கோ வளைகாப்பு என்று அல்வா வாங்க நானும் அவரும் டவுணுக்குப் போனோம். கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அண்ணாச்சி, ஒரு அம்பது குடுங்க” என்றார். எல்லோரும் சொல்வதுதான், எல்லோருக்கும் புரிவதுதான். கடைக்காரர் இலைத்துண்டைக் கையில் எடுத்துவிட்டார். நம்ம ஆளால் பொறுக்க முடியவில்லை.

“அம்பது என்ன? கிராமா, ரூவாயா?”

பெரியவர் பைய திரும்பிப் பார்த்தார். “ஏம்வே, அல்வா திங்கப் போறது நானு. குடுக்கப் போறது அவரு. நடுவுல உமக்கு எங்கன வலிக்கி?”

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நான் உட்பட. இவர் மட்டும், “அலகு சொல்லாட்டா குழப்பம் வரும்லா” என்று தெரு முனை வரை சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்த சூடான அல்வாவை அவர் தின்னவே இல்லை, ஆறிப்போயிற்று.

அவர் வீட்டம்மா நல்ல மனுஷி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து திரும்பும்போது வழியெல்லாம் வீட்டுக்காரரின் பெருமைதான் பேசிக்கொண்டு வருவாள், ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டால் நமக்கு வயிறு வலிக்கும். ஒரு தடவை சோறு வடிக்கையில் கஞ்சி கையில் கொட்டிவிட்டதாம்.

“கை வெந்து கத்திக்கிட்டு நிக்கேன் டீச்சர், இவரு ஓடி வந்து, வடிச்சு எத்தன நிமிஷம் ஆச்சு, அடுப்புல இருந்து எப்பம் இறக்குனேங்காரு. எதுக்குங்கேன். கஞ்சி எத்தன டிகிரியில இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் காயம் எவ்வளவுன்னு சொல்ல முடியுமாம். நான் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கிட்டேன். அவரு விடை கண்டுபிடிக்கதுக்குள்ள எனக்குக் கொப்புளமே வந்துட்டு.”

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

இவருடைய முழுப் பிரதாபத்தையும் பார்க்க வேண்டுமென்றால் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குத்தான் வரவேண்டும். சித்திரை வெயில், காற்றே வராத ஃபேன், மேஜைக்கு ஆறு பேர். எங்கள் மேஜைத் தலைவர் அம்பாசமுத்திரத்துக்காரர். உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேரவேண்டும் என்பது ஒன்றே அவருடைய வாழ்க்கை லட்சியம். மேஜையில் எல்லோரும் முடித்தால்தான் அவர் எழுந்திருக்க முடியும். நாங்கள் ஐந்து பேரும் பேனாவை மூடி வைத்துவிட்டு, இவர் ஒரு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அடித்த வரியைக்கூட எழுத்துக் கூட்டி வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“சாரே, பைய பைய வாசிச்சு நீங்க எந்தப் பரீட்சைக்குப் போப்போறீங்க?” என்பார் தலைவர்.

“இது ஒரு புள்ளையோட வாழ்க்கை சார்” என்பார் இவர். சொல்லிக்கொண்டே அந்த வாழ்க்கையில் அரை மார்க்கை வெட்டுவார்.

ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். யாரோ ஒரு பிள்ளை, அழகான கையெழுத்து, கணக்கை ஒழுங்காகப் போட்டு எட்டு என்று முடித்திருந்தது. ஓம் என்று எழுத மறந்துவிட்டது. இவர் பேனாவைத் தூக்கினார்.

“விடுங்க சார், கேள்வியிலயே மின்தடை எவ்வளவுன்னுதான கேட்டிருக்கு” என்றேன்.

“எட்டுன்னா என்ன டீச்சர்? எட்டு ஆடா, எட்டு மாடா?”

“மின்தடையை அளந்தா ஆட்டு மந்தையா சார் வரும்?”

தலைவர் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது. அரை மார்க் போனது போனதுதான்.

இப்படி ஊரார் பிள்ளைகளின் அரை மார்க்குகளை வெட்டி வெட்டி வாழ்ந்த மனிதருக்கு ஒரே பெண். பியூலா. அந்த வருஷம் அவளே பிளஸ் டூ. அவள் படித்தது பெண்கள் பள்ளியில்தான் என்றாலும் இயற்பியலுக்கும் கணக்குக்கும் வீட்டில் வாத்தியார் இவர். தினமும் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும், “ஏட்டி, ஸ்டெப்பு எங்க?” என்று. கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு பேனா ஓடும். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளுக்குச் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கவேண்டும். அந்தச் சீட்டுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்குகளைச் சேர்த்துக் கட்-ஆஃப் என்று பார்ப்பார்கள். அரை மார்க்குக்கு ஒரு கூட்டமே முன்னால் போய் நிற்கும். அது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ரிசல்ட் வந்தது. கணக்கு முழுசு, வேதியியல் முழுசுக்குப் பக்கம், இயற்பியலில் இடித்துவிட்டது. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு சென்னைக் கல்லூரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விடைத்தாளின் நகலுக்கு எழுதிப்போட்டு, அதுவும் வந்தது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. பெற்றோர் கையெழுத்தோடு பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்கா மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “டீச்சர், நீங்க கொஞ்சம் வாங்க. இவரு கையெழுத்துப் போடமாட்டேங்காரு” என்றாள். கண் சிவந்திருந்தது.

போனேன். சாப்பாட்டு மேஜையில் நகலை விரித்து வைத்து, பிடிவாதமாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பெற்ற பெண்ணின் விடைத்தாளை முதலிலிருந்து தானே ஒரு முறை திருத்தி முடித்திருந்தார்! பியூலா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு மார்க் கேள்விக்கெல்லாம் தரவு, சூத்திரம், பிரதியிடல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒன்றையும் விடவில்லை. அப்படி எழுதி எழுதி நேரம் போய், கடைசியில் இருந்த பெரிய மின்சுற்றுக் கணக்குக்கு வரும்போது மணி அடிக்கப்போகிறது போலிருக்கிறது. சூத்திரத்தை ஒரு வரி, அதற்குக் கீழே விடை. அவ்வளவுதான். விடை சரி. திருத்தியவர் சூத்திரத்துக்கு மட்டும் மார்க் கொடுத்து, சரியான விடையைச் சுழித்துவிட்டிருந்தார்.

“விடை சரியா இருக்கே சார். யாராவது மனுஷன் திருத்தினா இதுக்குக் குடுப்பான். மறுமதிப்பீட்டுக்குப் போட்டா கண்டிப்பா ஏறும்” என்றேன்.

“எப்பிடி ஏறும்? ஸ்டெப் இல்லையே. நான் திருத்தினாலும் அதான் குடுப்பேன்.” நகலைக் கையில் எடுத்து ஆசையாகப் பார்த்தார். “திருத்தினவரு யாருன்னு தெரியல டீச்சர். நல்ல வாத்தியாரு. அவசரப்படாமப் பாத்திருக்காரு.”

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? பெண்ணின் சீட்டு கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் வெட்டினவனை மெச்சிக்கொண்டிருக்கிறார்.

அக்கா வெடித்தாள். “உங்களை மாதிரி ஒருத்தன்கிட்டதான் எம்புள்ள பேப்பர் போயிருக்கு. அதுக்கு நீங்க மாலை வேற போடுதீங்களோ?”

இவர் விடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கட்டம் போட்டு அந்தக் கணக்கைத் தானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. அப்போது முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். மேலப்பாளையத்துப் பையனை எழுப்பி நிறுத்திய நாளில் பார்த்த முகம். ஆண்டவரே, கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டார்.

“ஏட்டி, நெசத்தச் சொல்லு. யாரைப் பாத்து எழுதின?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பியூலா அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒரு கணக்குச் சொல்லுங்கப்பா” என்றாள்.

“என்னது?”

“நீங்களா ஒண்ணு சொல்லுங்க.”

அவர் சொன்னார். எண்பது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது, ஜி பத்து என்று வைத்துக்கொள், தரைக்கு வர எவ்வளவு நேரம்?

“நாலு செகண்ட்.”

அவர் தாளில் ‘தரவு’ என்று எழுதிக்கொண்டிருந்தார். முடித்துப் பார்த்தார். நாலு.

குவியாடி வேண்டாம், குவிலென்ஸ். குவியத்தூரம் இருபது சென்டிமீட்டர். முப்பதில் பொருளை வைத்தால் பிம்பம் எங்கே?

“அறுபது சென்டிமீட்டர்.”

அஞ்சு ஓம் கம்பி ஒன்றை இரண்டு மடங்கு நீளமாக இழுத்தால் மின்தடை?

“இருபது ஓம்.”

எனக்கே கம்பி மெலிவதையும் சேர்த்து யோசிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் இன்னும் பிரதியிடலில் இருந்தார். அவர் பேனா ஒவ்வொரு தடவையும் அவள் சொன்ன இடத்துக்குத்தான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது.

“எனக்கு விடை முதல்லயே வந்துரும்பா” என்றாள் பியூலா. “சின்னப் புள்ளையில இருந்தே. நீங்க திட்டுவீங்கன்னு பக்கத்துக்கு அடியில பென்சில்ல பொடிசா எழுதி வச்சுக்குவேன். பெறவு மேல போய் தரவுல இருந்து ஸ்டெப்பு எழுதிக்கிட்டே இறங்கி வருவேன். வந்து சேந்ததும் பென்சில அழிச்சிருவேன். பரீட்சையில கடைசிக் கணக்குக்கு மேல எழுத நேரமில்ல.”

இத்தனை வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட அந்த அமைதி, பிறகு ஓடிய பேனா! பெண் கணக்குப் போட்டது அமைதியில். பேனா ஓடியது அப்பாவுக்காக. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அக்கா விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “போடுங்க கையெழுத்த.”

அவர் பேனாவை எடுத்தார். சிவப்பைக் கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதருக்கு அது பெரிய தூரம். பேனாவைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன்” என்றார். “மணிக்கு எழுபத்தி ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு பஸ் வருது. பிரேக் போட்டதும் நாப்பது மீட்டர்ல நிக்கி. எதிர்முடுக்கம் என்ன?”

பியூலா அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

“ஏன், வரலையா?” என்றார். அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். இருந்திருந்தால் கர்த்தர் அவரை மன்னிக்கட்டும், எனக்கு முடியாது.

“பேப்பரத் திருத்தின அந்த வாத்தியாருக்கு என்னைத் தெரியாது” என்றாள் பியூலா. “அவரு மார்க்கத்தான் வெட்டினாரு.”

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

அப்போதுதான் அக்கா ஒரு காரியம் செய்தாள். அவர் விரலுக்கு நடுவிலிருந்து நீலப் பேனாவைப் பிடுங்கி, விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, பெற்றோர் என்று போட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். கஞ்சி கொட்டிய தழும்புள்ள அதே கை.

“பெத்தவங்க கையெழுத்துதான வேணும்? நானும்தான பெத்தேன்” என்றாள். “காலையில இருந்து இவருக்கு முன்னால நின்னு கெஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க டீச்சர், புத்தி கெட்டவ!”

படித்த வாத்தியாரம்மா எனக்கும் அது தோன்றவில்லை என்பதை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டேன். மூன்று பேருமாகக் கிளம்பினோம். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் தாளில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் கட்டத்தில் எழுபத்திரண்டு என்று எழுதினார்.

மார்க் ஏறியது. கேட்ட கல்லூரியே கிடைத்தது. அவரும் பிறகு ஓய்வு பெற்று, வீட்டை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். கடைசி முகாம் வரைக்கும் அலகில்லாத விடைகளுக்கு அரை மார்க் வெட்டிக்கொண்டுதான் இருந்தார் என்று அந்த அம்பாசமுத்திரத்துக்காரர் சொல்லித் தெரியும். மனிதர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தால்தானே எழுத.

அன்றைக்கு ஆட்டோவில் அக்கா விண்ணப்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கண் கூசியது. நடுவில் இருந்த பியூலா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை கடைசிக் கணக்கில் தடுமாறிப் போனதை நினைத்துச் சங்கடப்படுகிறாளோ என்று எனக்கு.

“அதை விடுட்டி. அந்தப் பதட்டத்துல யாருக்கும்தான் வராது” என்றேன்.

“அஞ்சு” என்றாள்.

“என்னது?”

“அந்தப் பஸ் கணக்கு. அஞ்சு. அவங்க சொல்லி முடிக்கும்போதே வந்துட்டு டீச்சர்.” கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள். “அப்பாட்ட இனிமே சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”